விழுந்ததைத் தூக்கிவிடும் மேஸ்திரி

டெபியன் 7 ஓடிய பழைய சர்வரைக் கழற்றிவிட்டு, புதிய பெட்டியில் டெபியன் 12 நிறுவினேன். பழக்கதோஷத்தில் விரல்கள் இனிட்.டி கோப்புறையைத் தேடிப் போயின. அங்கே எனக்கு வேண்டியது எதுவும் இல்லை. சிஸ்லாக் கோப்பையும் காணோம். குடிபோன புது வீட்டில், இருட்டில் சுவிட்சைத் துழாவுவது போல இருந்தது.

சர்வீஸ்களைக் கிளப்பிக் கவனிக்கும் மேஸ்திரி வேலையை இப்போது சிஸ்டம்டி பார்க்கிறது. அது உலகத்துக்குப் பழசு. லென்னார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் தொடங்கியது. 2011இல் ஃபெடோரா 15 ஏற்றுக்கொண்டது. 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் வந்து சேர்ந்தன. எனக்குத்தான் புதுசு.

பழைய இனிட், எண் வரிசைப்படி ஸ்கிரிப்டுகளை ஓட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கிளப்பிய நிரல் பிறகு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது நம் பாடு. சிஸ்டம்டி அப்படி விடுவதில்லை. ஒவ்வொரு சர்வீஸையும் அது பெற்ற பிராசஸ்களோடு சேர்த்து, கெர்னலின் சிகுரூப் என்ற பட்டியில் அடைத்துக் கண்காணிக்கிறது.

எங்கள் வருகைப்பதிவு நிரலுக்கு முன்பு எண்பது வரி ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. பிஐடி கோப்பைக் கவனிக்கவே பாதி வரிகள். இப்போது பத்து வரி யூனிட் கோப்பு போதும்: எதை ஓட்டவேண்டும், எந்தப் பயனராக, விழுந்தால் என்ன செய்யவேண்டும்.

ஆனால் முதல் ரீபூட்டிலேயே சறுக்கினேன். நிரலுக்கு டேட்டாபேஸ் தேவை என்று 'ரிக்வயர்ஸ்' எழுதியிருந்தேன். தேவை வேறு, வரிசை வேறு என்பது உறைக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பின. டேட்டாபேஸ் கண் விழிப்பதற்குள் நிரல் விழுந்தது. மறுதொடக்கத்துக்கு இயல்பான இடைவெளி 100 மில்லிசெகண்ட்தான். பத்து செகண்டுக்குள் ஐந்து முறை முயன்றபின் சிஸ்டம்டி கைவிட்டது. 'ஆஃப்டர்' என்ற ஒரு வரியும் ஐந்து செகண்ட் இடைவெளியும் சேர்த்த பிறகே சரியானது. கோப்பைத் திருத்தினால் 'டீமன்-ரீலோட்' கொடுக்கவேண்டும். இல்லையென்றால் மேஸ்திரி பழைய சீட்டைப் பார்த்தே வேலை வாங்குவார்.

அடுத்த அடி எஃப்எஸ்டேப்பில். பேக்கப் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதன் வரியை அப்படியே விட்டிருந்தேன். 90 செகண்ட் காத்திருந்துவிட்டு, சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிஞ்சியிருக்கும்.

லாக் விஷயத்தில் இன்னும் அரைமனதுதான். ஜர்னல்சிடிஎல்லிடம் சர்வீஸ் பெயரையும் நேரத்தையும் சொன்னால் வேண்டியதை மட்டும் பொறுக்கித் தருகிறது. ஆனால் அது பைனரி கோப்பு. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 'கேட்' கட்டளையால் படிக்க முடியாது. லாகின், டிஎன்எஸ், கடிகாரம் என எல்லாவற்றுக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு உறுப்பினர் இருப்பதும் பலருக்கு உறுத்தல். அந்த உறுத்தலில் டெபியனிலிருந்து பிரிந்து போனதுதான் டெவுவான்.

சிறிய சர்வரைத் தனி ஆளாகப் பார்ப்பவர்களுக்கு என் பரிந்துரை: மாறுங்கள், பழைய ஸ்கிரிப்டைச் சுமந்து வராதீர்கள், யூனிட் கோப்பைப் புதிதாக எழுதுங்கள். போன வாரம் இரவு இரண்டு மணிக்கு அந்த வருகைப்பதிவு நிரல் விழுந்து, ஐந்து செகண்டில் எழுந்துவிட்டது. காலையில் லாக்கைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும்.