மாதச் சம்பளமும் மத்தியமாவதியும்

1938-இல் தில்லி வானொலியின் மேல்நாட்டு இசைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் ஃபோல்ட்ஸ். மான்செஸ்டரில் பிறந்த இசையமைப்பாளர். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக அவர் அமைத்த பிரம்மாண்டமான இரங்கல் இசை 1923-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேறியது. அப்பேர்ப்பட்டவர் வானொலியின் இதழான 'இந்தியன் லிசன'ரில் ஹார்மோனியப் பெட்டியைத் துவைத்து ஒரு கட்டுரை எழுதினார். கிண்டல் தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஹார்மோனியம் என்ற பெயரின் முன்பாதியில் 'தீங்கு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒளிந்திருப்பதைக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்.

அந்தக் கிண்டலுக்குள் ஒரு நியாயம் இருந்தது. பெட்டியின் கட்டை ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுருதியில்தான் நிற்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவும் முடியாது, ஸ்வரத்தை அசைக்கவும் முடியாது. கமகத்தை உயிராக நினைக்கும் சங்கீதத்துக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை வேறு பலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாகூருக்கும் அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. விளைவு, லயனல் ஃபீல்டன் தலைமையிலிருந்த அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. ஃபோல்ட்ஸ் அதைப் பார்க்க இல்லை. முந்தைய ஆண்டே கல்கத்தாவில் காலராவில் போய்விட்டார். தடை தளரத் தொடங்கியது 1971-இல்தான். தில்லியில் ஓர் இசைக்காரர் அடித்த நக்கலுக்கும் அதில் பங்குண்டு என்றால், நக்கலை அவ்வளவு லேசாக எடைபோட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு இந்தியாவில் சங்கீதத்தைச் சிரிக்கச் சிரிக்க அலசியவர்களில் இரண்டு பெரிய கைகள் அதே பெட்டியை வாசித்த கைகள். ஒருவர் மராத்தியின் பு. ல. தேஷ்பாண்டே. மற்றவர் நம்முடைய சுப்புடு.

சுப்புடு என்கிற பி. வி. சுப்பிரமணியம் 1917-இல் பிறந்தார். பர்மாவில் வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு போட்டபோது கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்தவர். தில்லியில் நிதி அமைச்சக உத்தியோகம். ஹார்மோனியம் கேள்வி ஞானத்தில் வந்தது. பூர்ணம் விஸ்வநாதனோடு சேர்ந்து 'சவுத் இந்தியன் தியேட்டர்ஸ்' என்ற நாடகக் குழுவையும் தில்லித் தமிழர்களுக்காக நடத்தினார். பகலில் கோப்பு, மாலையில் கச்சேரி, இரவில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு விமர்சனம் என்று பல பத்தாண்டுகள் ஓடின. மார்கழி பிறந்தால் சென்னைக்கு ரயில் ஏறுவார். தமிழ் இதழ்களில் அவர் விமர்சனம் வரும் நாளில், கச்சேரிக்கே போகாதவர்கள்கூட முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள். ஒரு சபா வாசலில் 'நாய்களுக்கும் சுப்புடுவுக்கும் அனுமதியில்லை' என்று பலகை தொங்கியதாக ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, அப்படிக் கதை கட்டிவிடும் அளவுக்கு வித்துவான்களின் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறார் மனிதர்.

அவர் எழுத்தின் பலம் எங்கே இருந்தது? கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 1930-களிலேயே சங்கீத விமர்சனத்தை நகைச்சுவையோடு எழுதிக் காட்டிவிட்டார். ஆனால் கல்கி முன்வரிசை ரசிகர். சுப்புடு பக்கவாத்தியக்காரரின் இடத்திலிருந்து கேட்டவர். பாடுகிறவரை அடியொற்றிப் போகும் பெட்டிக்காரனுக்குத்தான் தெரியும், எந்த இடத்தில் பாடகர் ஒரு சங்கதியை விழுங்கினார், எங்கே நிரவலில் மூச்சு வாங்கி மிருதங்கத்தின் தலையில் பாரத்தைப் போட்டார் என்பதெல்லாம். கூடத்தில் இருக்கும் முந்நூறு பேர் தலையாட்டும்போது அவன் மட்டும் லேசாகச் சிரிக்கிறான். சுப்புடு அந்தச் சிரிப்பைத்தான் அச்சேற்றினார்.

அதோடு இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சுப்புடுவுக்கு அரிசி வாங்கச் சபா செயலாளரின் தயவு தேவைப்படவில்லை. ஒண்ணாந்தேதி சம்பளம் சர்க்காரிடமிருந்து வந்தது. இதே கேலியைச் சென்னையில் ஒரு தொழில்முறைப் பாடகர் எழுதியிருந்தால் அடுத்த மார்கழியில் அவருக்குப் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரிகூடக் கிடைத்திருக்காது. வித்துவான்களிடம் நகைச்சுவைக்குப் பஞ்சமே இல்லை. ரயில் பயணத்திலும் மேடைக்குப் பின்னாலும் அவர்கள் ஒருவரையொருவர் பாடிக்காட்டிச் செய்யும் விமர்சனத்துக்கு ஈடான எழுத்து எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அது வெளியே வராததற்குக் காரணம் பெருந்தன்மை கொஞ்சம், பிழைப்பு நிறைய. தில்லி உத்தியோக நகரம். அங்கே சங்கீதத்தை உயிராக நேசித்தும் அதை நம்பிப் பிழைக்காமலும் இருக்க முடிந்தது.

சுப்புடுவை இன்று படிக்கும்போது எல்லாமே இனிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ராகம் பற்றிய குத்தலில் கூர்மை மழுங்கவில்லை. நர்த்தகிகளின் உடம்பைப் பற்றிய குத்தல்கள் நெருடுகின்றன. முதல் வகைக்கு ஹார்மோனியம் வாசித்த காது வேண்டும், இரண்டாவது வகையை எந்தத் திண்ணையிலும் எவரும் செய்யலாம்.

பு. ல. தேஷ்பாண்டே கதையிலும் சர்க்கார் சம்பளம் வருகிறது. ஆகாசவாணியில் வேலை பார்த்தவர், தில்லியில் தொலைக்காட்சி பிறந்த காலத்தில் அதிலும் இருந்தவர். 1953-இல் வந்த 'குளாச்சா கணபதி' படத்தில் கதை, இயக்கம், நடிப்பு, இசை எல்லாம் அவரே. பீம்சேன் ஜோஷி அதில் பாடிய அபங்கம் மராத்தி வீடுகளில் இன்னும் ஒலிக்கிறது. இசைக்காரர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் கேலி உண்டு, ஆனால் முள் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி வாசித்தவர் என்பது இங்கே வேறு மாதிரி வேலை செய்கிறது. பாடகரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

இந்த இருவருக்கும் நடுவே, என் கணக்கில் இருவருக்கும் ஒரு படி மேலே, ஷீலா தர் இருக்கிறார். தில்லி சிவில் லைன்ஸில் ஒரு பெரிய மாத்தூர் காயஸ்தக் கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். இந்துஸ்தானி இசையின் கிரானா பாணிப் பாடகி. பிரசுரப் பிரிவில் அரசு வேலை. கணவர் பி. என். தர் இந்திரா காந்தியின் செயலகத்தில் உயர் பதவி வகித்த பொருளாதார அறிஞர். ஒரு வீட்டுக் கூடத்தில் உஸ்தாதும் செயலாளரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் விழிக்கும் காட்சியை எழுத இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே கிடைக்கும்? 1995-இல் வந்த அவருடைய முதல் நினைவுக்குறிப்பு நூலின் துணைத்தலைப்பிலேயே அப்பாவிகளும் இசைக்காரர்களும் அதிகாரிகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். படே குலாம் அலி கான், பேகம் அக்தர், சித்தேஸ்வரி தேவி, கேசர்பாய் கேர்கர் என்று இசைத்தட்டு உறையில் மட்டுமே நாம் பார்த்தவர்கள் அவர் எழுத்தில் பசித்து, கோபித்து, பொறாமைப்பட்டு, பிறகு பாட உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். 2001-இல் அவர் மறைந்தார். அவருடைய எழுத்துகளைச் சேர்த்து 2005-இல் வந்த தொகுப்புக்கு 'ராகா'ன் ஜோஷ்' என்று பெயர். காஷ்மீரி ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை அடிக்கும் தலைப்பு.

ஷீலா தரின் சிரிப்பு பாடகியின் சிரிப்பு. கிரானா பாணியில் ராகம் ஒவ்வொரு ஸ்வரமாக, அவசரமே இல்லாமல் விரியும். பாடகர் நிஷாதத்தைத் தொடுவதற்குள் கேட்பவர் வெளியே போய்ச் சாயா குடித்துவிட்டு வரலாம். இதை வெளியாள் சொன்னால் வெறும் கிண்டல். அந்த நிதானத்தைப் பழகத் தொண்டை தேய்த்தவர் சொன்னால் அது இலக்கணம். அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவரான பிராண்நாத் 1970 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்தார். பிறகு நியூயார்க் போய் லா மான்டே யங், டெரி ரைலி போன்ற அமெரிக்க நவீன இசையமைப்பாளர்களுக்குக் குருவானார். கிரானாவின் மூலவர்களில் ஒருவரான அப்துல் கரீம் கானுக்கும் நமக்கும் உறவு உண்டு. தியாகராஜரின் கரகரப்பிரியாக் கீர்த்தனையை இசைத்தட்டில் பாடியவர் அவர். 1937-இல் புதுச்சேரி போகும் வழியில், செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலைய மேடையில்தான் உயிர் பிரிந்தது.

இவர்கள் எல்லோரும் எழுதியது பெரும்பாலும் கச்சேரியைப் பற்றி, ஆட்களைப் பற்றி. ஓர் இசைத்தட்டை முழுதாக எடுத்துக்கொண்டு முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அலசும் பழக்கம் நம்மிடம் பலப்படவில்லை. அமெரிக்க ஜாஸ் உலகில் லெனர்ட் ஃபெதர் 1946-லேயே ஒரு விளையாட்டைத் தொடங்கினார். வாசிப்பவர் பெயரைச் சொல்லாமல் ஓர் இசைத்தட்டைப் போட்டு, இன்னோர் இசைக்காரரிடம் கருத்துக் கேட்பது. பின்னர் 'டவுன்பீட்' இதழில் அது நிலைபெற்றது. மைல்ஸ் டேவிஸ் அதில் சக கலைஞர்களை வாங்கு வாங்கென்று வாங்கியதை இன்றும் பேசுகிறார்கள். அமெரிக்க நகைச்சுவை இசையமைப்பாளர் பீட்டர் ஷிக்கலி இன்னொரு வழி கண்டார். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்குக் விளையாட்டுப் போட்டிக்குக் கொடுப்பது மாதிரி நேர்முக வர்ணனை கொடுத்தார். கேட்பவர் விழுந்து விழுந்து சிரித்து முடிக்கும்போது சிம்பொனியின் அமைப்பு தானாகப் புரிந்திருக்கும்.

நம்மிடம் அதற்கேற்ற தட்டுகள் இல்லையா என்ன? இந்துஸ்தானிப் பாடகர் அமீர்கான் மார்வா ராகம் பாடிய எச்.எம்.வி. எல்பியை எடுத்துக்கொள்வோம். நம் கமனாஸ்ரமத்தில் பஞ்சமத்தை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட மார்வா. அந்த ராகத்தில் ஷட்ஜத்தில் சுலபமாக வந்து உட்காரக் கூடாது. கடன் கொடுத்தவன் குடியிருக்கும் தெருவைத் தவிர்த்துவிட்டு ஊரெல்லாம் சுற்றுகிறவர் போல, கான் சாகேப் ரிஷபத்திலும் தைவதத்திலுமே உலாவுகிறார். கடைசியில் ஷட்ஜம் வரும்போது நமக்கே பெருமூச்சு வருகிறது. 1967-இல் வந்த 'கால் ஆஃப் தி வேலி'யும் அப்படித்தான். சந்தூரில் சிவ்குமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கிட்டாரில் பிரிஜ்பூஷண் காப்ரா. காஷ்மீர் மேய்ப்பன் ஒருவனின் ஒரு நாள், விடியலின் ஆஹிர் பைரவில் தொடங்கிப் பொழுதுக்கேற்ற ராகங்களில் நகர்கிறது. மேய்ப்பன் இருக்கிறான், காதலி இருக்கிறாள், மலை இருக்கிறது. ஆடுகள் மட்டும் ஒரு முறைகூடக் கத்துவதில்லை.

தன் தட்டைத் தானே அலசும் வேலையைத் தில்லியில் 'இந்தியன் ஓஷன்' குழு செய்தது. 1990-இல் தொடங்கிய இக்குழுவின் ஒத்திகை வீடு கரோல் பாகில், தில்லித் தமிழர்களுக்கு நன்றாகப் பழகிய பேட்டையில், இருந்தது. 2010-இல் இணையத்தில் இலவசமாக வெளியான '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தின் பெயர் அந்த வீட்டின் முகவரிதான். பேஸ் கிட்டார் வாசிக்கும் ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், நர்மதைப் போராட்டத்தில் இருந்தவர். மேடையில் பாட்டுக்குப் பாட்டு அவர் பேசும் பேச்சே ஒரு தனிக் கச்சேரி. 2000-இல் வந்த 'கந்தீசா'வின் தலைப்புப் பாடல் கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதி என்பது போன்ற செய்திகள் சிரிப்போடு இறங்கும். பின்னாளில் சஞ்சய் ரஜௌரா, வருண் குரோவரோடு சேர்ந்து 'ஐசி தைசி டெமாக்ரசி' என்று பழைய இந்திப் பாட்டு மெட்டுகளில் அரசியலை வறுத்தார். சம்பளத்தைச் சர்க்கார் கொடுத்த காலத்தில் தில்லிக்காரர்கள் சங்கீதத்தைக் கேலி செய்தார்கள். சம்பளம் இல்லாதவர் சர்க்காரையே கேலி செய்கிறார்.

தமிழில் இப்போது இந்தத் துறையில் முன்னால் நிற்பவர் அலெக்சாண்டர் பாபு. மென்பொருள் வேலையை விட்டுவிட்டு மேடையேறியவர். 2019-இல் அமேசான் பிரைமில் வந்த 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' திரைப்பாட்டின் பல தலைமுறைகளை ஒரே ஆளாகப் பாடிக்காட்டி, எந்தப் பாடகர் எந்த எழுத்தில் மூக்கைச் சேர்க்கிறார், எங்கே மூச்சை ஒளிக்கிறார் என்று சிரிக்கவைத்தே கேட்கச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் யாரும் அடிபடவில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அந்தப் பாடகர்களின் பக்தர்கள். பக்தர் கொடுத்த காசில் சாமியைத் திட்ட முடியாது. சுப்புடுவின் வாரிசு என்று இவரைச் சொல்வது தவறு. இது பு. ல.வின் வழி.

தட்டையே ஓடவிட்டுப் பேசலாம் என்றால் உரிமைக்காரர்கள் வருவார்கள். அமெரிக்காவில் யூடியூபில் பாட்டுகளைப் பிரித்து மேயும் ரிக் பியாட்டோ, தன் காணொளிகள் முடக்கப்படுவதைப் பற்றி 2020-இல் செனட் குழுவின் முன்னாலேயே போய்ச் சாட்சி சொன்னார். இந்தியாவில் 1957-இன் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில், விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள அனுமதிக்கிறது. பகடி என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது.