பங்குக்காரர் எங்கே?

நான் வாசித்த தோட்டக் கதைகள் பலவற்றில் பால்மரம் சீவுகிறவர் ஏமாந்தே போகிறார். துண்டாடல் வரும், லயம் காலியாகும், கதை முடிஞ்சிரும். ஆனால் 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளியாகக் கட்டி, 100 வெள்ளிப் பங்கு வாங்கியதும் அதே ஆள்தான். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது அந்தக் காசு.

‘சமூகத் தொழில்முனைவு’ன்னு இன்று ஜொகூர் பாருவில் பேசுகிறோமே, அது இதுதானே? ரப்பர் விலையை லண்டனும் சிங்கப்பூரும் முடிவு செய்த காலம். கூலியும் முதலாளியும் ஒரே ஆள் என்றால், சம்பளம் பத்தலைன்னு யாரிடம் சண்டை போடுவது? கண்ணீரைவிட எனக்கு இந்தச் சங்கடம்தான் பெரிய கதை. பங்குப் பத்திரத்தைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, விடிவதற்குள் பெரட்டுக்கு ஓடியவரை யாராவது எழுதுங்களேன்.