முத்திரையும் முயலும்
(குரொசாவாவின் ‘இகிரு’ பற்றிச் சில குறிப்புகள்)

முதியவரும் இளையவரும் சேர்ந்து வருகின்ற கதைகளில் புத்தி சொல்பவர் பெரும்பாலும் முதியவராகவே இருப்பார். நாம் எழுதும் கதைகளும் இதற்கு விலக்கல்ல. நம்மில் பலர் ஆசிரியர்களாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். அகிரா குரொசாவா 1952இல் நெறிப்படுத்திய ‘இகிரு’ (வாழ்தல்) என்ற யப்பானியத் திரைப்படம் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குகின்றது.

மாநகரசபையில் பகுதித் தலைவராக இருப்பவர் வத்தனபே. ஏறத்தாழ முப்பது வருடங்களாக ஒருநாள் லீவும் எடுக்காதவர். கோவைகளில் முத்திரை குத்துவதே அவர் தொழில். சாக்கடை தேங்கும் நிலத்தைச் சிறுவர் பூங்காவாக்கித் தருமாறு தாய்மார் கொண்டுவரும் மனு கந்தோர் கந்தோராக அலைகின்றது. தமக்கு வயிற்றில் புற்றுநோய் என்றறிந்த பின்னரே, தாம் இதுவரை வாழவேயில்லை என்பது அவருக்கு உறைக்கின்றது. டக்காஷி ஷிமுராவின் கண்களே இதைச் சொல்லிவிடுகின்றன.

அதே கந்தோரில் வேலை செய்யும் இளம்பெண் டொயோ. அங்கிருக்க அலுத்து இராஜினாமாச் செய்ய விரும்புகிறாள். அதற்கு அவருடைய முத்திரை வேண்டும். வீதியில் அவரைக் கண்டுபிடிக்கிறாள். நட்பு அங்குதான் தொடங்குகின்றது. எத்தனையோ கடதாசிகளை முடக்கிப்போட்ட முத்திரை, ஒருத்தியின் விடுதலைக்குப் பயன்படுகின்றது. கந்தோரில் எல்லோருக்கும் அவள் பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். அவருக்கு இட்ட பெயர் ‘மம்மி’; பதப்படுத்தி வைத்த பிரேதம். அவர் கோபிக்கவில்லை.

எனக்கு இவ்விடத்தில் ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. புதிதாக நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியை ஒருவர், நான் இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்புக் கொப்பியைப் புரட்டிவிட்டு, “சேர், இது உங்களுக்கே அலுக்கல்லையா?” என்று கேட்டார். நான் கோபித்தேன். பல நாட்கள் முகங்கொடுத்துப் பேசவுமில்லை.

குரொசாவா இந்த நட்பை இனிப்பாக்கவில்லை என்பதே படத்தின் பலம். அவளது கிழிந்த காலுறையைப் பார்த்துப் புதியது வாங்கிக் கொடுக்கிறார் வத்தனபே. வீட்டாரோ பெண் சகவாசம் என்று சந்தேகிக்கின்றனர். நம் ஊர்வாயும் வேறு எதைச் சொல்லியிருக்கும்? ஆனால் அவர் அவளை விடாமல் பற்றிக்கொள்வதும் உண்மை. அவளுக்கு முதலில் அலுப்பு, பிறகு பயம். மரணபயத்தில் இருப்பவனின் சுயநலத்தையும் நெறியாளர் மறைக்கவில்லை.

கடைசிச் சந்திப்பில், நீ எப்படி இவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறாய் என்று அவர் இரந்து கேட்கிறார். அவளிடம் தத்துவம் எதுவுமில்லை. தான் இப்போது தொழிற்சாலையில் செய்யும் விளையாட்டுப் பொம்மையான ஒரு முயலை மேசையில் ஓடவிடுகிறாள். நீங்களும் ஏதாவது செய்து பாருங்களேன் என்கிறாள். அவர் முயலை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். மறுநாள் அந்தத் தாய்மாரின் மனு கையிலெடுக்கப்படுகின்றது.

அதன்பின் டொயோ படத்தில் இல்லை. பூங்காவைக் கட்டி முடித்து அவர் மரணித்த பின், சக உத்தியோகத்தர்கள் கூடி அவர் ஏன் மாறினார் என்று நெடுநேரம் தர்க்கிக்கின்றனர். அங்கும் அவள் இல்லை. முதலில் இதை ஒரு குறையாகவே கருதினேன். கசுவோ இஷிகுரோ திரைக்கதை எழுதி 2022இல் வெளியான ஆங்கில மறுஆக்கமான ‘லிவிங்’ படத்தில் அப்பெண் மரணச் சடங்குக்கு வருகிறாள். முதியவர் இளைய உத்தியோகத்தர் ஒருவருக்குக் கடிதமும் விட்டுச் செல்கிறார். மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் மூலப்படத்தின் உண்மை அதில் சற்றுக் கரைந்துவிடுகின்றது. தான் கொடுத்தது என்னவென்று அறியாமலே ஒருவர் கொடுப்பதும், நன்றி சொல்லும் வாய்ப்பின்றியே மற்றவர் அதைச் செயலாக்குவதுமே ‘இகிரு’ காட்டும் நட்பு.

அந்தப் பூங்காவை நம்மவர் ‘ஸதகதுல் ஜாரியா’ என்பர். அப்படியாயின் அந்த நன்மையில் பொம்மை செய்யும் பெண்ணுக்கும் ஒரு பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஆசிரியை மாற்றலாகிப் போய்விட்டார். குறிப்புக் கொப்பியைப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது.