பள்ளிக்கூடமே ஆராய்ச்சிக்கூடம்!

எட்.டி., அதாவது கல்வித்துறை டாக்டர் பட்டப் படிப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எடிசன் ஊரில் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக்கடையில் பில் போட நிற்கும்போது பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு அம்மாள் டீச்சர் என்று தெரிந்ததும் அங்கேயே தொடங்கிவிட்டேன். அவரும் கூடையைத் தரையில் வைத்துவிட்டு, கண் விரிய, "வேலையை விடாமலேயே டாக்டர் பட்டமா?" என்றார். ஆமாம்! வேலையை விடாமலேயே! விடவே கூடாது, அதுதான் இதில் இருக்கிற அழகே!

நான் நியூ ஜெர்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் துணை முதல்வர். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். காலையில் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்தில் வாக்கி டாக்கியோடு நிற்பேன், மத்தியானம் உணவுக்கூடத்தில் சிந்திய பாலுக்கும் சண்டைக்கும் நடுவே நிற்பேன், சாயந்தரம் பெற்றோருக்குப் போன். இப்படி ஓடுகிற ஆளுக்கு ஆராய்ச்சி எங்கே ஒட்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பிஎச்.டி. என்றால் நூலகம், கோட்பாடு, பேராசிரியர் வேலை என்று நமக்கெல்லாம் ஒரு படம் மனசில் இருக்கிறது. கல்வித் தலைமைத்துவத்தில் எட்.டி. வேறு வழி. பள்ளியில் எந்தப் பிரச்சினை உங்களை ராத்திரி தூங்கவிடாமல் அடிக்கிறதோ, அதையே கையில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள் என்கிறார்கள். 'ப்ராப்ளம் ஆஃப் ப்ராக்டிஸ்' என்று அதற்குப் பெயர். யோசித்துப் பாருங்கள், இத்தனை வருஷமாக நான் தனியாகச் சுமந்த தலைவலியை ஒரு பல்கலைக்கழகமே மேஜை மேல் வைத்து, சுற்றி உட்கார்ந்து, "சொல்லுங்கள், இது எங்கே தொடங்குகிறது?" என்று கேட்டால் எப்படி இருக்கும்! அப்படிக் கேட்ட அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தப் படிப்பு ஒன்றும் புதிது இல்லை. ஹார்வர்டில் 1920-ல் கல்விக்கென்று தனிப் பள்ளி தொடங்கி, மறுவருஷமே இந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வெகுகாலம் பல இடங்களில் அது பிஎச்.டி.யின் நிழலாகவே நடந்தது. 2007-ல் கார்னெகி அறக்கட்டளையின் முயற்சியில் கல்லூரிகள் கூடி உட்கார்ந்து, பள்ளியை நடத்துகிறவர்களுக்கு உண்மையில் எது வேண்டும் என்று முதலிலிருந்து யோசித்தார்கள். இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அந்த வழியில் நடக்கின்றன. ஹார்வர்டு 2010-ல் கல்வித் தலைமைக்கென்றே மூன்று வருஷப் புதுப் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் கடைசி வருஷம் முழுக்கக் களத்திலேதான். வகுப்பறை வாசமே இல்லை!

எங்கள் வகுப்பு சனிக்கிழமைகளில். முதல் சனிக்கிழமை இன்னும் என் மூக்கில் இருக்கிறது: காப்பி, ஒயிட்போர்டு மார்க்கர், மழையில் நனைந்த கோட்டுகள். ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரே குழுவாக முடிப்பது இந்தப் படிப்பின் வழக்கம், கோஹார்ட் என்பார்கள். என் குழுவில் யார் யார் தெரியுமா? சிறப்புக் கல்வி இயக்குநர் ஒருவர், சமுதாயக் கல்லூரியில் மாணவர் சேர்க்கை பார்ப்பவர், சார்ட்டர் பள்ளி முதல்வர், ஒரு மாவட்டத்துக்கே பள்ளிப் பேருந்து ஓட்டத்தைக் கவனிப்பவர்! அந்தப் பேருந்துக்காரர் வாயைத் திறந்தால் போதும், நான் நோட்டை எடுத்துவிடுவேன். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு இருட்டில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் இது?

இனி என் தலைவலிக்கு வருகிறேன். வருகை. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளை வருஷத்தில் பத்து சதவீத நாட்களோ அதற்கு மேலோ வராவிட்டால் அதைத் தொடர் வருகையின்மை என்று கணக்கில் எடுப்பார்கள். வருஷத்துக்கு 180 பள்ளி நாள், ஆக 18 நாள். மாதத்துக்கு இரண்டே நாள்தான், கவனித்தீர்களா, யார் கண்ணுக்கும் படாமல் நழுவுகிற இரண்டு நாள்! பெருந்தொற்றுக்கு முன்னால் நாடு முழுக்க ஏறக்குறைய 15 சதவீதப் பிள்ளைகள் இப்படி இருந்தார்கள். 2022 வாக்கில் அது நான்கில் ஒரு பங்குக்கும் மேலே போய்விட்டது. எங்கள் பள்ளியிலும் காலி நாற்காலிகள். கடிதம் அனுப்பினோம், போன் செய்தோம், வருகைக்குப் பரிசு கொடுத்துப் பார்த்தோம். நாற்காலி காலியாகவே இருந்தது.

அந்தக் காலி நாற்காலியைத்தான் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பேராசிரியர் சுவர் நீளத்துக்குக் காகிதம் ஒட்டி நடுவில் ஒரு கோடு இழுத்தார், தலைப்பக்கம் என் பிரச்சினையை எழுதினார், பக்கவாட்டில் முட்களாகக் கோடுகள். ஜப்பானியப் பொறியாளர் கவோரு இஷிகாவா தொழிற்சாலைத் தரத்துக்காகப் பயன்படுத்திய மீன்முள் வரைபடம் அது! "காரணம் சொல்லுங்கள், தீர்வு சொல்லாதீர்கள்" என்றார். ஐயோ, எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது! நிர்வாகம் செய்து பழகிய வாய், தீர்வுதான் முதலில் வருகிறது. மஞ்சள் சீட்டு ஒவ்வொன்றாக ஒட்டுகிறோம், பேருந்து, ஆஸ்துமா, பயம், அழுக்குத் துணி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, இரவு வேலை பார்க்கும் அம்மா, ஒவ்வொரு முள்ளிலும் "ஏன்?" என்று கேட்கிறோம், அதற்கும் "ஏன்?" என்று கேட்கிறோம், சுவரே மஞ்சளாகிவிட்டது, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் காகிதத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினேன். வருகிற விருந்தாளிக்கெல்லாம் முள் முள்ளாக விளக்கினேன். என் கணவர் குழம்பு பரிமாறிக்கொண்டே மூன்றாவது முள்ளுக்குப் புதுக் காரணம் ஒன்று சொன்னார், அதையும் ஒட்டினேன்!

அப்புறம் ஐ.ஆர்.பி., அதாவது ஆராய்ச்சி நெறிக்குழு. பலர் அதைப் பற்றி அலுத்துக்கொள்வார்கள், எனக்கோ அது ஒரு வரம். பிள்ளைகளிடம் பேச வேண்டுமானால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். அதோடு இன்னொரு கேள்வி: நீங்கள் துணை முதல்வர், உங்கள் முகத்துக்கு நேரே ஒரு பிள்ளை 'மாட்டேன்' என்று சொல்லத் துணியுமா? எப்பேர்ப்பட்ட கேள்வி! ஆகவே பள்ளி ஆலோசகர் பேட்டி எடுத்தார், பெயர் நீக்கிய பதிவுகள்தான் என் கைக்கு வந்தன.

ஒரு பதிவைச் சொல்லியே ஆகவேண்டும். பள்ளி விட்டு எல்லாரும் போனபிறகு வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனோடு கேட்டேன். எட்டாம் வகுப்புப் பெண். மெதுவான குரல், நடுவில் சிப்ஸ் பாக்கெட் கசங்கும் சத்தம். அம்மா விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவாராம். தம்பியைத் தொடக்கப் பள்ளியில் இவள்தான் விடவேண்டும். அவன் பள்ளிக் கதவு எட்டரைக்குத் திறக்கும், எங்கள் பள்ளி மணி எட்டுக்கு அடித்துவிடும். தாமதமாக வந்தால் அலுவலக வாசலில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கவேண்டும். "எல்லாரும் பாப்பாங்க. அதனால அன்னைக்கு வீட்லயே இருந்துடுவேன்" என்றாள். திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். அரை மணி நேரத் தாமதம் ஒரு முழுநாள் விடுப்பாக மாறுகிற இடம் அந்த வரிசை! எத்தனை கடிதம் அனுப்பினாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியாது. வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெளியே ஒரே இருட்டு, எனக்குள்ளே விடிந்துவிட்டிருந்தது.

அடுத்து வந்ததுதான் உச்சம். பெரிய திட்டம் போட்டு மாவட்டம் முழுக்க அறிவிக்காதே, சின்னதாகச் செய்து பார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். திட்டமிடு, செய், ஆராய், செயல்படு, மறுபடி சுற்று. தொழிற்சாலைத் தரத்துக்காக அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் பரப்பிய சுழற்சியைக் கல்வி ஆய்வாளர் ஆந்தனி பிரைக்கும் அவருடைய கூட்டாளிகளும் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். 2015-ல் வந்த அவர்களுடைய 'லேர்னிங் டு இம்ப்ரூவ்' புத்தகத்தின் என் பிரதியில் கோடு போடாத பக்கம் இல்லை. தொடக்கப் பள்ளி முதல்வரிடம் பேசினேன். காலைச் சிற்றுண்டிக்காக அங்கே ஒரு பக்கக் கதவு முன்னாடியே திறந்துதான் இருக்கிறதாம்! அக்காவோடு வரும் தம்பி தங்கைகள் அந்தக் கதவு வழியாக நேரே உள்ளே. எங்கள் பக்கம், தாமதமாக வருகிற பிள்ளை அலுவலகத்தில் நிற்கவேண்டாம், நேரே வகுப்புக்குப் போகட்டும், ஆசிரியர் குறித்துக்கொள்வார். ஒரு சில குடும்பங்களோடு மட்டும் தொடங்கினோம். தினமும் வருகைப் பட்டியலைத் திறக்கும்போது எனக்குத் தேர்வு முடிவு பார்க்கிற படபடப்பு. திங்கள், வந்திருக்கிறாள். செவ்வாய், வந்திருக்கிறாள். புதன் ஒன்பது நிமிடம் தாமதம், ஆனால் வந்திருக்கிறாள்! அந்த 'ஒன்பது நிமிடம்' என்ற பதிவைப் பார்த்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் குதித்தது உண்மை.

கட்டணம் அதிகம்தான். பல மாவட்டங்கள் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். தூக்கம் குறையும்தான், போகட்டும். "பிஎச்.டி. அளவுக்கு வருமா?" என்று இழுக்கிறவர்களுக்கு நான் மூன்று பேரைக் காட்டுவேன். பெட்டி ஷபாஸ்: கணவர், கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸைக் கண்ணெதிரே சுட்டுக் கொன்றதைப் பார்த்தவர், ஆறு பெண் பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்துக்கொண்டே நியூயார்க் பக்கத்திலிருந்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்து 1975-ல் இதே எட்.டி. வாங்கினார். ஆறு பிள்ளைகள்! அவரை நினைத்தால் என் தூக்கமெல்லாம் எம்மாத்திரம்? பின்னாளில் அமெரிக்க முதல் பெண்மணியான ஜில் பைடன் 2007-ல், 55 வயதில், டெலவேர் பல்கலைக்கழகத்தில் வாங்கினார். தான் பாடம் நடத்திய சமுதாயக் கல்லூரியில் மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடாமல் தக்கவைப்பதுதான் ஆய்வுப் பொருள். கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல், ஏழடி உயர மனிதர், 2012-ல் மயாமி பக்கத்து பேரி பல்கலைக்கழகத்தில் வாங்கினார். தலைமைப் பொறுப்பில் நகைச்சுவைக்கு என்ன இடம் என்று ஆராய்ந்தாராம். இவ்வளவு பெரிய மனசுள்ள படிப்பு வேறு எது, சொல்லுங்கள்!

இப்போது என்னோடு ஒரு அறைக்கு வாருங்கள், டிஃபென்ஸ் நாள், அதாவது என் ஆய்வைக் குழுவின் முன் வாதாடி நிலைநாட்டும் நாள். மூன்று பேர் கொண்ட குழு, நீள மேஜை, ஜன்னலுக்கு வெளியே செர்ரி பூத்துக் கிடக்கிறது. பின்வரிசையில் என் கோஹார்ட் முழுக்க, பேருந்துக்காரர் டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! மடிக்கணினித் திரையில் மதுரையிலிருந்து அம்மா, அங்கே ராத்திரி, பட்டுப்புடவை கட்டி நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருக்கிறாள். பேச ஆரம்பித்தபோது நாக்கு ஒட்டியது, பக்கக் கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் போய்விட்டது, யார் தடுத்தாலும் நின்றிருக்க மாட்டேன், அந்த வரிசை, அந்தச் சீட்டு, ஒன்பது நிமிடம், எல்லாம் கொட்டுகிறது, கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள், வேறு பள்ளியில் இது எடுபடுமா, நீங்கள் அதிகாரி என்பதால் ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டார்களா, கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் ஏறுகிறது, ஏனென்றால் உலகத்தில் இந்தக் கேள்விகளை என்னளவுக்கு விரும்புகிற வேறு மூன்று பேர் இதோ என் எதிரே இருக்கிறார்கள்! பிறகு வெளியே போகச் சொன்னார்கள். வழக்கம்தான், கலந்து பேசுவார்கள். நடைபாதையில் குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றேன். கைக்கடிகாரம் பார்த்தேன், சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு வழிவரைபடத்தை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். கதவு திறந்தது. குழுத் தலைவர் கையை நீட்டி, என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' சேர்த்துக் கூப்பிட்டார். அவ்வளவுதான், உள்ளே ஒரே கைதட்டல், யாரோ கட்டிப்பிடிக்கிறார்கள், திரையில் அம்மா "என்னடி சொன்னாங்க, சத்தமே கேக்கல, பாஸா?" என்று கத்துகிறாள், நான் "பாஸும்மா, பாஸு!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்துகிறேன்!

பட்டமளிப்பு அங்கிக்கு மேல் போடும் ஹுட்டில், பிஎச்.டி.க்குக் கருநீல வெல்வெட் என்றால் கல்விக்கு வெளிர்நீலம். அங்கிக் கைகளில் மூன்று பட்டை. அந்த வெளிர்நீலத்தைப் பேராசிரியர் தலைவழியாகப் போட்டுத் தோளில் சரிசெய்த இரண்டு விநாடியில் வெல்வெட்டின் கனம் பின்கழுத்தில் உட்கார்ந்தது பாருங்கள், அடடா! மேடையிலிருந்து இறங்கவே மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை, அதோடேயே காப்பி போட்டேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் பேருந்து வரும் இடத்தில் நின்றேன், இந்த முறை ஆஸ்துமா முள் என் பையில். பள்ளிச் செவிலியரோடு அடுத்த சுற்று தொடங்கியாயிற்று. எங்கள் மூன்றாவது மாடி அறிவியல் டீச்சர் ஒருவரையும் எட்.டி.க்கு ஒருவழியாகப் பிடித்துவிட்டேன், வரும் செப்டம்பருக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய நோக்க அறிக்கையின் முதல் வரைவு மின்னஞ்சலில் வந்திருக்கிறது, இன்றைக்கு ராத்திரியே படித்துக் குறிப்பு எழுதி அனுப்பவேண்டும். நீங்களும் எழுதினால் எனக்கு அனுப்புங்கள், அதையும் படிக்கிறேன்!