பஞ்சத்தை எழுதியவர்கள்

மயிலாடும்பாறையில் ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பையன் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டான். பரிமாறிய அம்மாள் சிரித்துக்கொண்டே, "தாது வருஷப் பஞ்சத்திலே அடிபட்டவன் கணக்கா திங்கிறானே!" என்றாள். அது எந்த வருஷம் என்று அவளைக் கேட்டேன். "எங்க அப்பத்தாவுக்கு அப்பத்தா காலம்யா" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. வசவு மட்டும் தங்கிவிட்டது, வருஷம் போய்விட்டது.

தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. மழை பொய்த்தது. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் பஞ்சம் விடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். சென்னை மாகாணத்தில் 1871ல் சுமார் 3.12 கோடிப் பேர் இருந்தார்கள்; 1881ல் எண்ணியபோது சுமார் 3.08 கோடி. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனத்தொகை குறைந்திருந்தது.

இந்த எண்களில் மயிலாடும்பாறை எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வியோடு நூலகம் ஏறுகிறவனுக்கு முதலில் பழைய பெயர்கள் தெரியவேண்டும். தேனி மாவட்டம் 1996ல் பிறந்தது. அதற்கு முந்தின காகிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா என்றுதான் தேடவேண்டும். வருஷநாட்டுப் பக்கம் கண்டமனூர் ஜமீனைச் சேர்ந்தது. ஜமீன் பூமியில் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நேர்க் கணக்கு கிடையாது. நடுவில் ஜமீன் கச்சேரி இருந்தது. ஆகவே கலெக்டர் கட்டுகளில் அவன் தூரத்தில்தான் தெரிவான்.

இந்தப் பஞ்சத்தைப் பற்றிய பெரிய புஸ்தகம் வில்லியம் டிக்பி எழுதியது. அவர் மதராஸ் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர். 1878ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். நல்ல மனசு படைத்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் 1877 ஜனவரியில் கூலியைக் குறைத்ததையும், அதில் உடம்பு நிற்காது என்று சுகாதார கமிஷனர் கார்னிஷ் வாதாடியதையும், அந்த மே மாதம் கூலி உயர்ந்ததையும் விரிவாகச் சொல்கிறார். ஆனால் நாவலாசிரியன் கண்ணோடு படித்தால் ஒன்று புலப்படும். அந்தப் புஸ்தகத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் சாப்பிட்டவர்கள். பட்டினி கிடந்தவன் அவர்களுடைய விவாதத்துக்குப் பொருளாக இருக்கிறானே தவிர, வாய் திறப்பதில்லை.

ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்களும் அப்படித்தான். எலும்புக்கூடான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்திருக்கிறார். படத்தில் முகம் இருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை.

தமிழிலும் எழுதினார்கள். சிவகங்கைப் பக்கத்து வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' என்று ஒரு நூல் செய்தார். பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். தம்மால் ஆகாது என்று சுவாமி சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். பசியைப் பற்றி எழுதும்போது கிண்டல் பண்ணத் துணிவு வேண்டும். டிக்பியிடம் இல்லாத உள்ளூர் வாய் இவரிடம் இருக்கிறது. ஆயினும் நூல் ஜமீன்தாருக்கு எதிரே நின்று பேசுவது. புரவலரின் நிழல் அதன் மேல் விழுகிறது.

அயர்லாந்துக்காரர்கள் இந்தச் சங்கடத்தை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அங்கே 1845ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாதவர்கள் கப்பலேறினார்கள். ஸ்ட்ரோக்ஸ்டவுனில் ஒரு ஜமீன் மாளிகையை ஒட்டி 1994ல் பஞ்ச அருங்காட்சியகம் திறந்தார்கள். குடிகளை நூற்றுக்கணக்கில் கனடாவுக்கு ஏற்றி அனுப்பிய மேஜர் மஹோன் 1847ல் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். மாளிகையின் கச்சேரியில் கிடந்த காகிதங்களே அருங்காட்சியகத்துக்கு மூலதனம். அவற்றுள் 1846ல் குளூனஹீக் குடியானவர்கள் கொடுத்த மனு ஒன்று இருக்கிறது. எவனை எதிர்த்துக் கெஞ்சினார்களோ அவன் பெட்டியே அவர்கள் குரலைக் காப்பாற்றியிருக்கிறது!

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013) இந்த இரண்டு பஞ்சங்களையும் ஒரு மனசில் சந்திக்க வைக்கிறது. கதாநாயகன் ஏய்டன் ஐரிஷ்காரன். சென்னையில் போலீஸ் அதிகாரி. நல்ல யோசனை அது. ஆனால் பார்க்கிற கண் பெரும்பாலும் ஏய்டனுடையது, பார்க்கிற ஊர் தலைநகரம். மலையடிவாரத்துக் கிராமத்தில் விதை தானியத்தைத் தின்பதா வைப்பதா என்று ஒரு குடும்பம் ராத்திரி பேசியதை இன்னொருவர் எழுதவேண்டும்.

எப்படி எழுதுவது? கண்ணீரை அள்ளித் தெளிப்பது சுலபம்; அது டிக்பியின் மௌனத்தைவிட மோசம். சர்க்கார் கட்டில் ஆண்டும் அளவும் உண்டு, குரல் இல்லை. கிராமத்தின் வசவிலும் கும்மியிலும் குரல் உண்டு, ஆண்டு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்குத்தான் பஞ்சம் பிடிபடும். கற்பனை அதற்குப் பிறகுதான் வரலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. பஞ்சத்துக்குப் பின் வலுப்பெற்ற பெரியாறு அணைத் திட்டம் 1895ல் முடிந்தது. தண்ணீர் கொண்டுவந்தவருக்கு அந்த மரியாதை தகும். தண்ணீர் இல்லாமல் செத்தவர்களுக்கு ஒரு கல்லாவது நட்டோமா? அந்தப் பெரியாற்றுத் தண்ணீரும் மயிலாடும்பாறையைத் தொடுவதில்லை. அது கம்பம் பக்கமாக இறங்கி, கீழே போய் வைகையில் சேருகிறது. மேலே இருக்கிற இந்த ஊர் மூல வைகைக்கு மழை வருமா என்று இன்றும் வானத்தைத்தான் பார்க்கிறது.

மண்டபம் வேண்டும் என்று கேட்கவில்லை. ஊர் நூலகத்தில் ஒரு அலமாரி போதும். பெரியகுளம் தாலுகா பற்றிய பழைய காகிதங்களின் நகல்களும், ஊர்க் கிழவிகள் வாயில் மிச்சமிருக்கும் கும்மிகளும் அதில் சேரட்டும். அடுத்த தடவை அந்த வசவைக் கேட்கிற பையன் கையைத் துடைத்துக்கொண்டு, "அது எந்த வருஷம்?" என்று கேட்டால், பதில் அவன் ஊரிலேயே இருக்கவேண்டும்.