பாட்டுக்குப் பொருத்தம் பார்த்தல்

'பொருத்தம்' என்றதும் நமக்கு ஜாதகக் கட்டுதான் நினைவுக்கு வருகிறது. பத்தில் எத்தனை கூடியிருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள். எண்ணுகிறவர்கள் வேறு, வாழப்போகிறவள் வேறு. காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவிகளுக்கு வழக்கமாகத் தரப்படும் செய்முறைப் பயிற்சி ஒன்றிலும் இதே சொல் வருகிறது. ஒரு பாடல் வீடியோவை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான ஆல்பம் உறையும் விளம்பரமும் வடிவமைக்க வேண்டும். அதே நிறம், அதே எழுத்துரு, அதே முகம், அதே உடை மூன்றிலும் இருந்தால் பொருத்தம் கூடிவிட்டது, மதிப்பெண் கிடைத்துவிடும்.

இந்தப் பட்டியலில் தவறில்லை. கடையில் அடுக்கியிருக்கும் நூறு உறைகளுக்கு நடுவே, தொலைக்காட்சியில் பார்த்த பாட்டை அடையாளம் கண்டு எடுக்க அது உதவும். ஆனால் எண்ணிக்கையில் எல்லாம் கூடியும் வாழ்க்கையில் எதுவும் கூடாத பொருத்தங்களை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். ஒரு பெண்ணின் பாட்டுக்கு உறையும் விளம்பரமும் செய்யும்போது எது பொருந்தினால் பொருந்தியது என்று சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்க மடோனாவின் 'லைக் எ பிரேயர்' பொருத்தமான இடம். 1989 மார்ச்சில் இந்த ஒரு பாட்டுக்கு ஒரு விளம்பரமும் ஒரு வீடியோவும் ஓர் ஆல்பம் உறையும் மூன்று வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்தன. மூன்றிலும் இருப்பவர் ஒரே பெண். மூன்றும் ஒரே பெண்ணைக் காட்டவில்லை.

முதலில் வந்தது விளம்பரம். பெப்சி நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு மடோனாவை ஒப்பந்தம் செய்திருந்தது. ஜோ பிட்கா இயக்கிய இரண்டு நிமிடப் படம் மார்ச் 2 அன்று, அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட 'தி காஸ்பி ஷோ'வின் நடுவே ஒளிபரப்பானது. சுமார் 40 நாடுகளில் அது காட்டப்பட்டது. இந்த விளம்பரம் வரப்போகிறது என்பதற்கே முன்கூட்டி ஒரு விளம்பரம் ஓடியது. வீடியோ வெளிவரும் முன்பே, பாட்டை உலகம் ஒரு குளிர்பானத்தின் வழியாகக் கேட்டது.

படத்தில் மடோனா தன் எட்டாவது பிறந்தநாளின் பழைய வீட்டுப் படச்சுருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையிலிருக்கும் சிறுமியும் பார்க்கும் பெண்ணும் இடம் மாறிக்கொள்கிறார்கள். சிறுமி நட்சத்திரத்தின் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள். வளர்ந்தவர் தெருவில் ஆடுகிறார், கத்தோலிக்கப் பள்ளியின் நடைவழியில் சீருடைச் சிறுமிகளோடு ஆடுகிறார், தேவாலயத்தில் பாடகர் குழுவோடு ஆடுகிறார். கடைசியில் இருவரும் அவரவர் இடத்துக்குத் திரும்ப, ஆசைப்பட்டதை நினைத்துக்கொள் என்று பெரியவர் சொல்ல, சிறுமி மெழுகுவத்தியை ஊதி அணைக்கிறாள். அழகான படம். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

மறுநாள் மார்ச் 3 அன்று எம்டிவியில் வீடியோ வந்தது. இயக்கியவர் மேரி லாம்பர்ட். ஒரு பெண்ணை வெள்ளை ஆண்கள் சிலர் தாக்குகிறார்கள். உதவிக்கு ஓடிவரும் கறுப்பின ஆணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. இதையெல்லாம் பார்த்துவிட்ட நாயகி ஒரு தேவாலயத்துக்குள் ஓடுகிறாள். அங்கே கம்பிக்குள் இருக்கும் கறுப்புப் புனிதரின் சிலை, பிடிபட்ட அந்த மனிதனின் சாயலில் இருக்கிறது. சிலை அழுகிறது, உயிர்பெறுகிறது, அவளை முத்தமிடுகிறது. அவள் உள்ளங்கைகளில் இயேசுவின் காயங்கள் தோன்றுகின்றன. எரியும் சிலுவைகளுக்கு முன்னால் அவள் ஆடுகிறாள். அமெரிக்காவில் எரியும் சிலுவை என்பது கறுப்பர்களைக் கொன்ற கு க்ளக்ஸ் கிளான் கூட்டத்தின் அடையாளம். முடிவில் அவள் காவல்நிலையம் போய்ச் சாட்சி சொல்கிறாள். அவன் விடுதலையாகிறான். பிறகு திரை விழுந்து எழ, நடித்தவர்கள் எல்லோரும் வந்து வணங்குகிறார்கள்.

இப்போது மாணவியின் பட்டியலை எடுத்து விளம்பரத்தையும் வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதே பெண், அதே கருங்கூந்தல், அதே குரல். இரண்டிலும் தேவாலயம், பாடகர் குழு, ஆட்டம். பத்துக்குப் பத்துப் பொருத்தம். ஆனால் ஏறக்குறைய ஒரே மாதத்தில் இந்தக் கல்யாணம் முறிந்தது. அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற அமைப்பும் கத்தோலிக்க அமைப்புகளும் பெப்சியைப் புறக்கணிப்போம் என்று எச்சரிக்க, ஏப்ரல் தொடக்கத்தில் நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. ஒப்பந்தப் பணம் மடோனாவிடமே தங்கியது.

இது ஏன் நடந்தது என்பதற்குத் தொல்காப்பியத்தின் துணை எனக்குப் போதும். முதல், கரு, உரி என்று பாட்டின் பொருளை மூன்றாகப் பிரித்து, இவை ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்கிறது அகத்திணையியல். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, பறை, யாழ் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழும் மனிதர்களுக்குள் நடப்பது உரிப்பொருள். ஒரு நிலத்தின் பூ இன்னொரு நிலத்துப் பாட்டில் பூக்கலாம். உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று இலக்கணமே இடம் தருகிறது. உரிப்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை.

பெப்சி விளம்பரம் எடுத்துக்கொண்டது பாட்டின் கருப்பொருளை மட்டும். கோயில், குழு, ஆட்டம் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. உரிப்பொருளை அது இறக்கி வைத்துவிட்டது. சாட்சியாக நின்று பயந்து, பிறகு துணிந்து வாய் திறக்கும் பெண்ணின் இடத்தில், பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் நிற்கும் சிறுமியை வைத்தது. இந்த இடமாற்றத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது. உடலும் ஆசையும் பக்தியும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்த முப்பது வயதுப் பெண்ணை விற்பது கடினம். அவளைக் குழந்தையாக்கிவிட்டால் எந்த வீட்டின் கூடத்துக்கும் அனுப்பலாம். நம் நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களின் செல்ல மகளும் இதே வேலைக்குத்தான் வருகிறாள்.

அந்த எட்டு வயதைப் பற்றி இன்னும் ஒன்று. மடோனாவின் தாய் மார்பகப் புற்றுநோயால் 1963இல், தன் முப்பதாவது வயதில் இறந்தார். மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஆக, எட்டாவது பிறந்தநாள் என்பது தாய் இல்லாத வீட்டின் பிறந்தநாள். விளம்பரத்தின் வெளிச்சமான விருந்தில் அந்த இழப்புக்கு இடமில்லை. ஆல்பத்திலோ முதல் செய்தியே அதுதான்: தனக்குப் பிரார்த்திக்கக் கற்றுக்கொடுத்த தாய்க்கு அது சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. இறந்த தாயைப் பற்றி ஒரு பாட்டு, தந்தையைப் பற்றி ஒரு பாட்டு, அடியும் வசவுமாகச் சிதையும் மணவாழ்வைப் பற்றி ஒரு பாட்டு என்று அது போகிறது. தாய் இறந்த வயதில் மகள் செய்த ஆல்பம் இது.

அந்த ஆல்பத்தின் உறை மார்ச் 21 அன்று கடைக்கு வந்தது. ஹெர்ப் ரிட்ஸ் எடுத்த புகைப்படம். அதில் முகம் இல்லை. தளர்ந்து திறந்த நீலநிற ஜீன்ஸ், வயிறு, தொப்புள், மோதிரங்கள் அணிந்த கைகள், மணிமாலைகள். வீடியோவின் ஒரு காட்சியும் இதில் இல்லை. தேவாலயம் இல்லை, சிலுவை எரியவில்லை, வீடியோவில் அவர் அணிந்த உடைகூட இல்லை. பட்டியலை வைத்துத் திருத்துகிற ஆசிரியர் இதற்கு மதிப்பெண் போடமாட்டார்.

முகத்தை வெட்டிவிட்டு உடலை மட்டும் காட்டும் படத்தைப் பெண்ணியம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். 1971இல் வெளிவந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்துக்கு ஆண்டி வார்ஹோல் யோசித்த உறையும் இடுப்புக்குக் கீழே ஜீன்ஸ் அணிந்த ஓர் ஆணுடல்தான். அந்தப் படத்தின் வீம்பை ஒரு பெண் தன் உடலுக்கு எடுத்துக்கொண்டாள் என்று இதை வாசிக்கலாம். அதைவிட முக்கியம், மடோனா என்பது மேடைக்காகச் சூட்டிக்கொண்ட பெயர் அல்ல. தாயின் பெயரும் அதுவே, மகளின் பெயரும் அதுவே, கன்னிமரியாளைக் குறிக்கும் பெயரும் அதுவே. அந்தப் பெயரைப் போட்டு, அதன் கீழே ஒரு வயிற்றைக் காட்டும்போது, தேவாலய ஓவியங்கள் நீலத் துணியால் மூடிவைத்த இடம் திறக்கிறது. புனிதமும் உடலும் ஒரே பெண்ணிடம் இருக்கும் என்பதுதான் வீடியோவின் உரிப்பொருள். உறை அதை வேறு கருப்பொருளால் சொல்லிவிட்டது.

உறையைக் கையில் எடுத்தவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. முதல் பதிப்பின் உறைகளில் பச்சூலி எண்ணெயின் மணம் ஏற்றப்பட்டிருந்தது, தேவாலயத்தின் தூபவாசனையை நினைவூட்டுவதற்காக. பச்சூலி என்ற பெயரின் வேரை அகராதிகள் பல தமிழில்தான் காண்கின்றன. பச்சை, இலை என்று பிரித்துக் காட்டுகின்றன. வீடியோ காட்டிய கோயிலை உறை மூக்குக்குக் கொடுத்தது. கோயிலின் படத்தைப் போடுவதைவிட இது நெருக்கமான பொருத்தம்.

இரண்டாவது, உள்ளே செருகியிருந்த ஓர் அட்டை. எய்ட்ஸ் பற்றிய உண்மைகள் என்ற தலைப்பில், அது யாருக்கும் வரலாம், ஆணுறை எப்படிப் பாதுகாக்கும் என்ற செய்திகள் அதில் இருந்தன. எய்ட்ஸைப் பற்றிய தன் முதல் முக்கிய உரையை ஜனாதிபதி ரீகன் 1987 மே மாதக் கடைசியில்தான் நிகழ்த்தினார். அதற்குள் பல்லாயிரம் பேர் இறந்திருந்தார்கள். மடோனாவின் நெருங்கிய நண்பரும், அவருடைய தொடக்ககால இசைத்தட்டு ஒன்றுக்கு உறை வரைந்தவருமான மார்ட்டின் பர்கோயின் 1986இல் அந்த நோயால் இறந்தார். வீடியோவில் ஒரு பெண் கண்ணால் கண்டதை மறைக்காமல் சொல்கிறாள். உறைக்குள் இருந்த தாளும் அதையே செய்தது. ஒரு பதின்வயதுப் பெண் பாட்டுக் கேட்க வாங்கிய பொருளுக்குள்ளிருந்து, வீட்டில் யாரும் பேசாத விஷயம் அவள் மடியில் விழுந்தது. உறை வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இவ்வளவு இடம் இருக்கிறது.

இதனால் இந்த உறை குறையற்றது என்றாகிவிடாது. 1992இல் வந்த 'பிளாக் லுக்ஸ்' நூலில் பெல் ஹூக்ஸ் மடோனாவைப் பற்றிக் கடுமையான ஒரு கட்டுரை எழுதினார். கறுப்புப் பண்பாட்டின் மீது மையல் கொள்ளும் வெள்ளை நட்சத்திரம் அதைத் தன் சரக்காக்கிக்கொள்வதைப் பற்றியது அது. அந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்தால் உறையில் ஒரு வெற்றிடம் தெரிகிறது. பாட்டைத் தூக்கி நிறுத்துவது ஆண்ட்ரே க்ரௌச்சின் பாடகர் குழு. வீடியோவில் தோன்ற க்ரௌச் சம்மதிக்கவில்லை. வீடியோவின் கனவுக் காட்சியில் மேகங்களுக்கு நடுவே விழும் நாயகியைத் தாங்கிப் பிடித்து, மறுபடி மேலே அனுப்பிவைப்பவள் ஒரு கறுப்பினப் பெண். நாயகியின் துணிச்சலுக்கு அவள் கைதான் ஆதாரம். கறுப்புக் குரல் பாட்டுக்கு வேண்டும், கறுப்புக் கை கனவுக்கு வேண்டும், கறுப்பு ஆணின் சிறை கதைக்கு வேண்டும். முன்னட்டைக்கு வந்து சேர்வது வெள்ளை இடுப்பு ஒன்றுதான். ஒரு வீடியோவிலிருந்து யார் உறைக்குப் போகிறார்கள், யார் வீடியோவிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதைப் பார்த்தால் லாபம் யாருக்கு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விளம்பரத்தின் கதை இன்னும் முடியவில்லை. அதே 1989 செப்டம்பரில் எம்டிவி விழாவில் இந்த வீடியோவுக்குப் பார்வையாளர் விருது கிடைத்தது. அந்த விருதின் புரவலர் பெப்சி. இவ்வளவு சர்ச்சையைக் கிளப்பியதற்காக மேடையிலேயே பெப்சிக்கு நன்றி சொன்னார் மடோனா. 34 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், அதே விழாவில் பெப்சி அந்தப் பழைய விளம்பரத்தை மறுபடி ஒளிபரப்பியது. வீடியோவைக் கண்டு ஓடிய நிறுவனம், ஓடிய கதையையும் சேர்த்து விற்கக் கற்றுக்கொண்டது. சந்தைக்கு வெட்கம் கிடையாது, பொறுமை உண்டு.

இன்று இந்த ஆல்பத்தைக் கைபேசியில் கேட்கும் பெண்ணுக்குக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சதுரம் கிடைக்கிறது. அதற்குள் ஓர் இடுப்பு தெரிகிறது. பச்சிலையின் மணமும் இல்லை, அட்டையும் இல்லை, தாய்க்குச் செய்த சமர்ப்பணமும் கண்ணில் படுவதில்லை. பேச்சை உருவிவிட்டால் உடல் மட்டும் மிஞ்சும். 1989இல் எதிர்ப்பாக இருந்த அதே படம், துணைக்கு இருந்தவை போனபின் வெறும் கவர்ச்சிப் படமாகப் பார்க்கப்படக்கூடும். படம் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்தவை கழன்றுவிட்டன.

ஆகவே உறையும் விளம்பரமும் வடிவமைக்க உட்காரும் மாணவிக்கு, நிறமும் எழுத்துருவும் பார்த்து முடித்தபின், இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பாட்டில் பெண்ணுக்கு என்ன நடக்கிறது, அது என் விளம்பரத்திலும் நடக்கிறதா? வீடியோவில் இருந்த யாரை நான் உறையிலிருந்து விட்டுவிட்டேன், ஏன்? நாளைக்கு யாராவது இந்தப் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டால், அவள் சொல்ல வந்ததில் எது மிஞ்சும்?