தழும்புக்குச் சாட்சி யார்?

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் முதுகிலும் கையிலும் சுட்டார்கள் என்றார் அந்தத் தமிழர். விடுதலைப் புலிகளின் தங்கத்தை உருக்கிக் கொடுத்ததற்காக இலங்கையில் காவலில் இருந்தவர் அவர். 2011-ல் பிரிட்டன் போய்ப் புகலிடம் கேட்டார், உள்துறை மறுத்தது. 2014-ல் மேல் தீர்ப்பாயம் இன்னும் ஒரு படி போய், புகலிடத்துக்காக இவரே ஆள் வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்றது.

பரிசோதித்த மருத்துவர் தழும்புகளின் ஓரங்களைப் பார்த்திருந்தார். கையில் இருந்தவை கலைந்திருந்தன. முதுகில் இருந்தவை கோடு கிழித்ததுபோல் இருந்தன. கையில் சுட்டபோது நினைவோடு துடித்தார், முதுகில் சுட்டபோது மயங்கிவிட்டார் என்ற அவருடைய கதையோடு இது பொருந்துகிறது என்று எழுதினார். அப்படி எழுதியதே வரம்பு மீறல் என்றது தீர்ப்பாயம். 2019 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அந்தத் தீர்ப்பைத் தள்ளினார்கள். மருத்துவர் அதைச் சொல்லலாம். இவ்வளவு வலியைத் தானாக வாங்கிக்கொள்பவர் மிக அரிது என்று சொல்லி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள்.

மறுபரிசீலனை முறையின் பலமும் கோளாறும் இந்த ஒரே வழக்கில் தெரிகின்றன. மறுத்தவர்கள் காரணத்தை எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் எந்த இடத்தில் தவறினார்கள் என்று மேலே இருப்பவர்களால் காட்ட முடிந்தது. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் போயின.

அதைவிடப் பெரிய கோளாறு, ஆதாரத்தைத் துண்டு துண்டாக எடுத்துத் தள்ளுவது. கைதுப் பத்திரம் இல்லையென்றால் ஆதாரம் இல்லை. யாழ்ப்பாண வக்கீல் கடிதம் வந்தால், காசுக்குக் கிடைக்கும் காகிதம். லஞ்சம் கொடுத்து வெளியே வந்தவரிடம் விடுதலைப் பத்திரம் எப்படி இருக்கும்? ரசீது போட்டா லஞ்சம் வாங்குவார்கள்? சென்னையில் அடையாறு, தி.நகர் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஈழக் குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் தெரியும். லண்டனிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ போன் வந்தால் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி, ஜெராக்ஸ் எடுத்து, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, கூரியர் போட வேண்டும். அத்தனைக்கும் பிறகு, சொந்தக்காரர் சொன்ன சாட்சி என்று எடை குறைத்துவிடலாம். உண்மையைக் கண்டறியும் பொறுப்பு கேட்பவருக்கும் விசாரிப்பவருக்கும் பொது என்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையேடு 1979-லேயே சொன்னது. விசாரிப்பவர்கள் தங்கள் பங்கை எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியா மோசமான ஒரு சோதனை செய்து பார்த்தது. படகில் வந்தவர்களின் மறுப்பை ஆராய 2015-ல் தனி அமைப்பு வைத்தது. பெரும்பாலும் ஆளைக் கூப்பிடாமல், கோப்பை மட்டும் படித்து முடிவெடுப்பார்கள். விதிவிலக்கான சூழல் இருந்தாலொழியப் புதிய ஆதாரம் எடுபடாது. பயத்தில் முதல் பேட்டியில் சொல்லாமல் விட்டதை அப்புறம் சொல்ல வழி அரிதாகவே இருந்தது. 2024-ல் அதைக் கலைத்தார்கள்.

மறுபரிசீலனை முடியும்வரை ஆளை அனுப்பக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். 1987 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை இலங்கைத் தமிழர்கள் சிலரின் புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்டது சரி என்றது. 1988 பிப்ரவரியில் அவர்களில் ஐந்து பேரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்தபடியே மேல்முறையீடு செய்து 1989-ல் ஜெயித்தார்கள்; அதன்பிறகே பிரிட்டன் திரும்பினார்கள். இடைப்பட்ட ஓராண்டுக்கு மேலான காலத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அந்த மறுபரிசீலனையை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் சென்னையில் இருந்து பார்க்கும்போது பொறாமையே வருகிறது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. புகலிடச் சட்டமும் இல்லை. சென்னையில் 1992-ல் ஐ.நா. ஆணையம் அலுவலகம் திறந்தது, திரும்பிப் போகும் ஈழத்தமிழர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று பார்ப்பதற்கு. இலங்கையிலிருந்து வருபவர்களில் யார் அகதி என்பதை முடிவு செய்வது அரசு. 2025 மே மாதம், திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்ட இலங்கைத் தமிழரிடம், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு போட்ட விலக்கு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து காப்பாற்றுகிறது. நல்லதுதான். ஆனால் அது பார்ப்பது வந்த தேதியை. ஏன் ஓடி வந்தார்கள் என்பதை அல்ல. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடியில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு என்று ஒன்று அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும்.